வீட்டுப் போர்டிகோவிலேயே ஜீப் ஹார்ட்டாப்பைக் கழற்றி இறக்குவது எப்படி?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் ஓடுகிற பழைய மஹிந்திரா தார் ஜீப்புகளில் நிறைய வண்டிகளுக்கு வெளியே செய்து போட்ட ஃபைபர் ஹார்ட்டாப்தான் (கெட்டிக் கூரை) இருக்கிறது. மாட்டிக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். கழற்றித் தருகிறேன் என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் நம்புவதற்கில்லை. நான் கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு மூலை முந்திக்கொண்டு எழும்ப, பின்பக்கச் சட்டத்தின் ஓரத்தில் விரிசல் விழுந்தது. "ஃபைபர்னா அப்படித்தான் அண்ணாச்சி" என்று சொல்லி பில்லையும் நீட்டினார்கள். அதற்கப்புறம் வீட்டிலேயே செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) போட்டு இறக்கக் கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்கு ஆள்பலம் அதிகம் வேண்டாம். நாலு மூலையும் ஒரே அளவில், பைய எழும்ப வேண்டும், அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

1. உங்கள் வண்டி எது என்று முதலில் பாருங்கள்

2010 முதல் 2020 வரை வந்த பழைய தார், அதற்கும் முந்தைய மஹிந்திரா ஜீப்புகள் ஆகியவற்றில் வெளியே போட்ட டாப் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அந்த டாப்கள் தொட்டியின் (சீட்டுகள் இருக்கிற பாடிப் பகுதி) விளிம்பிலும் முன்கண்ணாடிச் சட்டத்திலும் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.

2020 அக்டோபரில் வந்த புதிய தாரின் கம்பெனி ஹார்ட்டாப்பைத் தொடாதீர்கள். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காக அதைச் செய்யவில்லை. திறந்த கூரை வேண்டும் என்றவர்களுக்குக் கம்பெனியே மடக்கும் கூரையோடு தனி மாடல் கொடுத்தது.

ஜீப் ராங்ளர் வைத்திருப்பவர்களுக்குப் பாடு குறைவு. அதன் டாப் கழற்றுவதற்கென்றே செய்தது. முன்பக்கம் இருக்கும் இரண்டு பலகைகளை முதலில் எடுத்துவிட வேண்டும். நட்சத்திரத் தலை போல்ட்டுகளுக்கான சாவி வண்டியோடு வரும். பின்பக்கம் ஒயர் பிளக்கையும் கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயையும் பிடுங்க மறக்கக் கூடாது. தூக்கி இறக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

2. காகிதங்கள்: ஸ்பானரை எடுப்பதற்கு முன்

ஆர்.சி.யில் வண்டியின் பாடி வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கையில் ஸ்மார்ட் கார்டு இல்லையென்றால் எம்பரிவாகன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து படுதாக் கூரையோடு வந்த வண்டி, ஆர்.சி.யிலும் அப்படியே இருக்கிறது என்றால், ஹார்ட்டாப்பை எடுத்துவிட்டுப் படுதாவைப் போடுவது வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதுதான். பிரச்சினை இல்லை. ஹார்ட்டாப் என்று பதிவாகியிருந்தால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, பதிவில் இருக்கும் விவரம் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்படிப்பட்ட வண்டி என்றால், பதிவு எங்கே இருக்கிறதோ அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் (வண்டி எண்ணில் TN 72 என்றால் திருநெல்வேலி, TN 76 என்றால் தென்காசி) முதலில் கேட்டுவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஹார்ட்டாப்பை உதிரிச் சாமானாகக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தாலும், அது வண்டிமேல் இருக்கும்போதுதான் பாலிசி காக்கும். கழற்றி வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கும்போது மரம் விழுந்து உடைந்தால் ஒரு பைசா வராது. டாப்பை எடுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, இன்ன தேதியில் கழற்றுகிறேன் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பிய சான்று உங்களிடம் இருக்கும்.

ஆரம்பத்தில் வந்த தார்களுக்கு 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் நேரம் வந்திருக்கிறது. படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். காலாவதித் தேதிக்கு 60 நாளுக்குள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். 15 வருடம் தாண்டி 20 வருடம் ஆகாத காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. உங்கள் வண்டிக்கு அந்தத் தேதி நெருங்குகிறது என்றால், ஆய்வாளர் முன்னால் வண்டி எந்தக் கோலத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆர்.சி.யைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பதிவில் படுதா என்றால் ஆய்வுக்கு முன்பே ஹார்ட்டாப்பை இறக்கிவிடுவது நல்லது.

3. எந்த மாதம், எந்த நேரம்

தை பாதிக்குமேல் பங்குனி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மேல்காற்று இன்னும் கிளம்பியிருக்காது.

ஆனி, ஆடி, ஆவணி வேண்டவே வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வருகிற காற்றை நம்பித்தான் கயத்தாறிலும் வள்ளியூர்ப் பக்கமும் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அரை அடி உயரத்தில் தொங்குகிற ஃபைபர் கூரைக்குள் அந்தக் காற்று புகுந்தால் பாய்மரம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். தென்காசி, கடையம் பக்கம் சாரலும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையில் கழற்றலாம், ஆனால் கழற்றி என்ன செய்வீர்கள்? கத்திரி வெயிலில் கூரையில்லாமல் வண்ணார்பேட்டை பாலத்தடியில் சிக்னலுக்கு நின்று பாருங்கள், தெரியும்.

வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் நாள் பின்மதியம் சிலிகான் (டாப்பின் இடுக்குகளை ஒழுகாமல் அடைக்கிற பசை) அறுப்பதும் போல்ட் இளக்குவதும்.  மறுநாள் விடிந்ததும், காற்று எழும்புவதற்கு முன், தூக்குவது. ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டுக்குள் டாப் கீழே இருக்கும்.

4. எதில் தொங்கவிடுவது

நம் ஊர் வீடுகளில் இதற்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது: ஊஞ்சல் கொக்கி. போர்டிகோவில் தளம் போடும்போதே கம்பியோடு கட்டி விட்ட கொக்கிகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்து ஆடுகிற ஊஞ்சலைத் தாங்கும் கொக்கிக்கு ஹார்ட்டாப் பெரிய பாரம் ஆகாது. டாப்பின் எடை செய்தவர் கையைப் பொறுத்தது. மேலே கேரியர், உள்ளே ரெக்சின், பக்கக் கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 70 கிலோ இருக்கலாம், 100 கிலோவைத் தாண்டவும் செய்யலாம்.

கொக்கியில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். தளத்துக்குள் போகும் இடத்தில் துருப்பிடித்துக் கழுத்து மெலிந்திருக்கிறதா, சுற்றிலும் சிமெண்ட் உப்பி விரிசல் விட்டிருக்கிறதா, பிற்பாடு துளை போட்டு முடுக்கிய கொக்கியா. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கொக்கியை விட்டுவிடுங்கள். உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் முதல் விஷயத்தை டார்ச் அடித்துப் பார்க்கணும்.

இரண்டு கொக்கிகள் வேண்டும், வண்டியின் நீளவாக்கில், நாலு அல்லது ஐந்து அடி இடைவெளியில். வண்டியை நேராகக் கொக்கிகளுக்குக் கீழே, நடுக்கோடு ஒத்து வரும்படி நிறுத்துங்கள். வண்டிக்கு முன்னால் ஒரு வண்டி நீளம் காலி இடமும் இருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உயரக் கணக்கு: பழைய தார் 193 சென்டிமீட்டர் உயரம். பத்தடித் தளம் என்றால் 305. நீங்கள் டாப்பைத் தூக்கப் போவது அரை அடிதான். மீதி மூன்றடியில் செயின் பிளாக்கும் பெல்ட்டும் அடங்கிவிடும். ஒன்பதடித் தளம் என்றால் இறுக்கம், குட்டை பெல்ட் வேண்டும். மேலே கேரியர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

கொக்கி இல்லாத வீட்டுக்கு சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடையில் சாரப் பைப்புகள் எடுத்து, வண்டி உள்ளே போய் வெளியே வரும் அகலத்தில் இரண்டு பக்கமும் நிறுத்தி, மேலே குறுக்குப் பைப் போடலாம். கட்டத் தெரிந்த ஆளை வைத்தே கட்டுங்கள். போர் மோட்டார் தூக்கும் முக்காலியைக் கொண்டுவரச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். அதன் கால்கள் வண்டியை நகரவிடாது. மரக்கிளையில் கட்டலாமே என்பவர்களிடம் பேச்சைத் தொடராதீர்கள். வேம்பு என்றாலும் வேண்டாம், முருங்கை என்றால் நினைக்கவே வேண்டாம்.

5. சாமானும் செலவும்

ஒரு டன் செயின் பிளாக் இரண்டு வேண்டும். எங்கள் பக்கம் ஒன்றுக்கு நாள் வாடகை 200, 300 ரூபாய், முன்பணம் தனி. வாங்கும்போதே சங்கிலியை இழுத்துப் பாருங்கள், நடுவில் நழுவுகிற பிளாக்கைத் திருப்பிக் கொடுங்கள். பட்டை பெல்ட் நாலு, சொந்தமாக வாங்கிவிடுங்கள். பின்னாலும் உதவும், ஒன்று 300, 400 ரூபாய் இருக்கும். கயிறு வேண்டாம், நைலான் கயிறு பாரத்தில் நீளும், தேங்காய் நார்க் கயிறு பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஆறடி நீளத்தில் இரண்டு மரச்சட்டங்கள், அதே நீளத்தில் இரண்டு இரும்புப் பைப்புகள். பழைய போர்வை, சாக்கு. நாலு பழைய டயர். ஸ்பானர் செட்டில் 10, 12, 13 கட்டாயம். துருவுக்கு டபிள்யூடி-40. சிலிகான் அறுக்கத் தூண்டில் நரம்பு, கனமான ரகம்.

ஆள் என்றால் உங்களோடு சேர்த்து நாலு பேர். சங்கிலிக்கு இரண்டு பேர், மூலை பார்க்க ஒருவர், வண்டியை நகர்த்த ஒருவர். மச்சான், சித்தப்பா மகன் என்று வீட்டு ஆட்களே போதும், காலைச் சாப்பாடு உங்கள் செலவு. சுமை தூக்கும் ஆட்களைக் கூப்பிடுவது உசிதமில்லை. அவர்கள் கை மூட்டை தூக்கிப் பழகியது, சட்டென்று எழுப்பிவிடுவார்கள்.

எடுத்த டாப்புக்குப் பதில் படுதா வேண்டும் என்றால் அதுதான் பெரிய செலவு. சீட் தைக்கிற கடைகளில் அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள். துணியின் தரத்தைப் பொறுத்துப் பத்தாயிரத்துக்கு மேல் எவ்வளவும் போகலாம், நாளும் இழுக்கும். அதனால் படுதா கைக்கு வந்த பிறகு ஹார்ட்டாப்பில் கை வையுங்கள்.

6. முதல் நாள்: ஒயர், சிலிகான், போல்ட்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். உள்விளக்கு, பின் வைப்பர், கூரையில் ஒட்டிய ஸ்பீக்கர், மேலே வைத்த பனி விளக்கு என்று டாப்புக்குப் போகும் ஒவ்வொரு ஒயரையும் தேடிப் பிடியுங்கள். வெளியே மாட்டிய டாப்களில் பிளக் இருக்காது, முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள். திரும்ப மாட்டும்போது கழற்ற வசதியாக ஒரு பிளக் வைத்துவிடுங்கள், எலக்ட்ரிக் கடையில் சில்லறைக் காசுதான்.

அடுத்து கதவுகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் தள்ளுகிற கண்ணாடிகளையும் எடுத்துவிட்டால் எடை குறையும், சட்டம் நுழைக்க வழியும் கிடைக்கும்.

சிலிகான்தான் நேரம் தின்னும் வேலை. மழை ஒழுகும்போதெல்லாம் யாராவது ஒரு டியூப் அடித்திருப்பார்கள், அடுக்கடுக்காக இருக்கும். வெளியே பிதுங்கி நிற்பதைக் கத்தியால் சீவிவிட்டு, தூண்டில் நரம்பை இடுக்கில் நுழைத்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்று ரம்பம் மாதிரி இழுங்கள். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், நரம்பு விரலை அறுக்கும். திருப்புளி விட்டு நெம்பவே கூடாது, ஃபைபரின் ஓரம் பொரிந்து வரும். நாலு புறமும் நரம்பு தடையில்லாமல் ஓடும்வரை விடாதீர்கள். தூக்கும்போது டாப் உடைவதற்கு முக்கியக் காரணம் எங்கோ ஒரு சாண் நீளத்துக்கு அறுபடாமல் நிற்கிற சிலிகான்தான்.

போல்ட்டுகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ரெக்சின் லைனிங்குக்குள்ளும் கம்பளத்துக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் போல்ட்டுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, சாயங்காலம் ஒவ்வொன்றையும் இளக்கிப் பாருங்கள். நட்டும் சேர்ந்து சுற்றினால் அடியில் ஒருவர் ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றவே மறுக்கும் போல்ட்டைக் கிரைண்டரால் அறுக்கலாம். ஆனால் பக்கத்து ஃபைபரில் ஈரச் சாக்கு போடுங்கள், முகத்துக்குத் துணி கட்டுங்கள். ஃபைபர் தூள் உடம்பில் பட்டால் அன்று இரவு முழுக்க அரிப்பு. எடுத்த போல்ட்டுகளை இடம் எழுதிய தனித்தனிப் பொட்டலங்களில் போடுங்கள். நாலு மூலைப் போல்ட் மட்டும் இளகிய நிலையில் இரவு இருக்கட்டும்.

7. மறுநாள்: தூக்குவது

ஒரு மரச்சட்டத்தைப் போர்வை சுற்றி, ஒரு கதவு வழியில் நுழைத்து மறு கதவு வழியே வெளியே வரும்படி, கூரைக்குக் கீழே குறுக்கே வையுங்கள். ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) இருந்தால் சட்டம் கேஜுக்கு மேலே போக வேண்டும். அதற்கு இடமில்லாத வண்டியில் மரத்துக்குப் பதில் பட்டை பெல்ட்டை விடுங்கள். முடிந்த அளவு முன்கண்ணாடி பக்கம் தள்ளி வையுங்கள். இரண்டாவது சட்டம் பின்பக்க ஜன்னல்கள் வழியாக.

சட்டத்தின் இரு முனையிலும் பெல்ட் மாட்டி, மேலே செயின் பிளாக்கில் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெல்ட்டுகள் கீழிருந்து சாய்வாகப் போய் ஒரே கொக்கியில் சேர்ந்தால், பாரம் ஏற ஏற டாப்பின் இரு விலாவையும் உள்நோக்கி நெரிக்கும். அதைத் தடுக்கத்தான் இரும்புப் பைப். டாப்புக்கு மேலே பைப்பைக் குறுக்கே தொங்கவிட்டு, அதன் முனைகளிலிருந்து பெல்ட்டுகள் நேர்க்குத்தாக இறங்கும்படி கட்டுங்கள். பைப் டாப்பின் அகலத்தைவிட நீளமாக இருக்கட்டும், பெல்ட் வழுக்கி வராதபடி முனையில் ஒரு போல்ட் போட்டுவிடுங்கள்.

பெல்ட் விறைக்கிற அளவுக்கு மட்டும் சங்கிலியை இழுத்துவிட்டு, மூலைப் போல்ட்டுகளை எடுங்கள். பெல்ட் பிடிப்பதற்கு முன் எடுக்க வேண்டாம். பிறகு முன்பக்கம் ஒரு விரற்கடை, பின்பக்கம் ஒரு விரற்கடை என்று மாற்றி மாற்றி இழுங்கள். ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். ஏதாவது மூலை எழும்பாமல் முறுக்கினால் உடனே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். விட்டுப்போன போல்ட்டோ, ஒயரோ, சிலிகானோ இருக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். டாப்புக்கு அடியில் யாரும் தலையையோ கையையோ நீட்டவும் விடாதீர்கள்.

தொட்டி விளிம்பிலிருந்து அரை அடி எழும்பினால் போதும். டாப்பின் முன்புறமும் பின்புறமும் திறந்த வழிதான். அதனால் டாப்பைத் தொங்கவிட்டபடியே வண்டியை முன்னால் நகர்த்தினால் கேஜும் சீட்டும் அதன் வயிற்றுக்குள்ளிருந்து தானாக வெளியே வந்துவிடும். பின்கதவைத் திறந்து வைத்து, ஸ்டெப்னி எங்கும் இடிக்காது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கிளட்ச் ஒரு தரம் துள்ளினால் போதும், எல்லாம் வீண். நியூட்ரலில் போட்டு, பிரேக்கில் ஒருவர் உட்கார, இரண்டு பேர் தள்ளினால் சரி.

வண்டி வெளியே வந்ததும் கீழே டயர்களைப் போட்டு, சாக்கு விரித்து, அதே மாதிரி மாற்றி மாற்றி டாப்பை இறக்குங்கள்.

8. டாப்பை எங்கே வைப்பது

மாட்டியிருந்த நிலையிலேயே, விளிம்பு கீழே இருக்கும்படி, டயர்களின் மேல் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சில மாதத்தில் கோணிக்கொள்ளும், திரும்ப வண்டியில் உட்காராது. வெயில் படாத இடம் வேண்டும். மேலே தார்ப்பாய் போட்டால் காற்றோட்டம் விட்டுப் போடுங்கள். காற்றுக் காலத்துக்கு முன் நாலு மூலையையும் கட்டிவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பது நல்லது, எலிக்கும் குளவிக்கும் அது நல்ல வீடு.

தாமிரபரணிக் கரையோரம் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் மாதிரித் தாழ்ந்த பகுதியில் வீடு என்றால் மாடியில் வைக்கப் பாருங்கள். 2023 டிசம்பரில் தண்ணீர் வந்தபோது தரையில் கிடந்த எதையும் எடுக்க நேரம் இருக்கவில்லை. மாடி முடியாது என்றால் அதே ஊஞ்சல் கொக்கியில் நிரந்தரமாகத் தொங்கவிடலாமே என்று தோன்றும். செயின் பிளாக்கை நம்பி மாதக்கணக்கில் பாரத்தைத் தொங்கவிடாதீர்கள். தனிச் சங்கிலி போட்டுப் பூட்டிய பிறகே பிளாக்கை எடுங்கள்.

9. டாப் இல்லாத வண்டியில் பார்க்க வேண்டியது

முன்கண்ணாடிச் சட்டத்தை இதுவரை ஹார்ட்டாப்பும் சேர்த்துப் பிடித்திருந்தது. அதன் கீல் போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள். தொட்டி விளிம்பில் சிலிகானுக்கு அடியில் துரு இருக்கும், இப்போது விட்டால் மறுபடி பார்க்கக் கிடைக்காது. சுரண்டி, பிரைமர் அடித்துவிடுங்கள். போல்ட் துளைகளை ரப்பர் மூடியால் அடையுங்கள், தரையில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்து வையுங்கள். தேரிக்காட்டுப் பக்கம் போவதாக இருந்தால் செம்மணல் ஸ்விட்ச்சுக்குள்ளெல்லாம் ஏறும், வந்தவுடன் காற்றடித்துச் சுத்தம் செய்யணும்.

10. திரும்ப மாட்டும்போது

பழைய சிலிகான் முழுவதையும் எடுத்துவிட்டு, விளிம்பு முழுக்கப் புது நுரை ரப்பர் ஒட்டுங்கள். சிலிகான் மறுபடி வேண்டாம், ரப்பர் சரியாக இருந்தால் அது தேவைப்படாது. டாப்பைத் தொங்கவிட்டு, வண்டியைப் பின்னால் தள்ளிக் கீழே கொண்டுவந்து, மெல்ல இறக்குங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் நாலு சுற்று ஏற்றுங்கள். எல்லாம் பிடித்த பிறகுதான் ஸ்பானர். ஒரு பக்கம் முழுசாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் துளைகள் ஒத்து வராது. ஃபைபருக்கு மேலே அகல வாஷர் போடுங்கள், ரப்பர் அமுங்கியதும் நிறுத்துங்கள். அதற்குமேல் முடுக்கினால் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடும்.

முடிந்ததும் உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்காரவைத்து, ஹோஸ் பைப்பால் முன்கண்ணாடிக்கு மேல் தண்ணீர் பிடியுங்கள். ஒழுகினால் பெரும்பாலும் இரண்டு முன்மூலைகளில், ரப்பர் துண்டுகள் சேருகிற இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் ரப்பரை வெட்டாமல் ஒரே நீளமாக வளைத்து ஒட்டினால் நின்றுவிடும்.